பின்கதவின் மேல் நாற்பத்து மூன்று இன்ச்

பாட்டர் ஓடை, ஐடஹோ
ஜூலை 5, புதன்

நோரீன்,

நீ தீக்காவல் கோபுரத்துக்கு ஏறி இன்றோடு மூன்று வாரம். காட்டில் எங்கே புகை கிளம்புகிறது என்று நீ அங்கே பார்த்துக்கொண்டிரு. இந்தப் பழைய ஸ்கூல் பஸ் எப்போது வீடாகும் என்று நான் இங்கே லோவெலின் பட்டறை முற்றத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்ட அன்று வெறும் தகரக் கூடாக இருந்தது. இப்போது தரை போட்டாயிற்று, சுவருக்குப் பலகை அடித்தாயிற்று, உள்ளே நுழைந்தால் மர வாசனை வருகிறது. ஸிங்க் வந்துவிட்டது, குழாய்தான் இன்னும் வரவில்லை.

அப்பா போன சனிக்கிழமையே தன் சாய்வு நாற்காலியோடு குடிவந்துவிட்டார். நாற்காலியை நேரே பின்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “டிவி எங்கடா?” என்றார்.

“அப்பா, இன்னும் தண்ணிக் குழாயே வரலை” என்று அவர் காதருகே கத்தினேன்.

“தண்ணி ஓடையில ஓடுதுடா. பேஸ்பால் மேட்ச் ஓடையில ஓடுமா?”

காது மெஷின் இரண்டும் ஆணி டப்பாவுக்குள் கிடக்கின்றன. சப்டைட்டில் படித்துத்தான் மனிதர் உலகத்தைத் தெரிந்துகொள்கிறார். நம்முடைய ஒரே பிக்கப்பை நீ மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டதால் வியாழனுக்கு வியாழன் உனக்குச் சாமானும் தபாலும் ஏற்றி வருகிற டஸ்டியிடம் கெஞ்சி அவர் வண்டியில் டவுனுக்குப் போனோம். கடையில் அப்பா நாற்காலி கேட்டு வாங்கி, எட்டடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். முப்பத்திரண்டு இன்ச்சைப் பார்த்துவிட்டு, “எழுத்தா இது? எறும்பு ஊருது” என்றார். ஐம்பது இன்ச்சில் வந்ததை உரக்கப் படித்துக் காட்டினார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆக ஐம்பதுதான். பக்கச் சுவர் இரண்டும் ஜன்னல், முன்னால் கண்ணாடி. அகலமாக இருப்பது பின்சுவர் ஒன்றுதான். பின்கதவை மூடிப் பலகை அடித்துவிட்டால் டிவி கச்சிதமாக உட்காரும். பஸ் ஓட்டியவள் நீ, அதனால் கேட்கிறேன். சரி என்றுதான் சொல்வாய் என்று அளவெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

ராய்ஸ்


நீடில் முனைக் கோபுரம்
ஜூலை 6, வியாழன்

ராய்ஸ்,

டஸ்டி காபி குடித்துக்கொண்டிருக்கிறார். கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உடனே இறங்கிவிடுவார், அதற்குள் எழுத வேண்டும்.

பின்சுவர் வேண்டாம். கேட்கிறேன் என்கிறாய், அளவெடுத்துவிட்டேன் என்றும் சொல்கிறாய். இதில் கேட்பது எங்கே இருக்கிறது?

பின்சக்கரத்துக்குப் பின்னால் பஸ்ஸின் வால் பத்தடி நீண்டிருக்கிறது. ஒரு குழியில் இறங்கினால் முன்சீட்டுப் பிள்ளைக்குத் தலை ஆடும், கடைசி சீட்டுப் பிள்ளை ஒரு சாண் எழும்பிக் குதிக்கும். அந்த சீட்டுக்குத் தினமும் அடிதடி நடக்கும். பதினான்கு வருஷம் கண்ணாடியில் பார்த்தேன். உன் டிவி அங்கே ஒரு மாதம் தாங்காது. ஐம்பது இன்ச்சும் ஃபிரிட்ஜும் சேர்ந்து ஓடினால், மேகம் மூடிய நாளில் சோலார் பேட்டரி சாயங்காலத்துக்குள் படுத்துவிடும். அதுவும் வேண்டாம்.

பின்கதவை மூடவே வேண்டாம். நீயும் இங்கே பள்ளிக்கூடம் போனவன்தானே. விபத்து நேர்ந்தால் தப்பிக்கும் பயிற்சி என்று வருஷத்துக்கு இரண்டு தடவை அந்தக் கதவு வழியாக உன்னையும் குதிக்க வைத்திருப்பார்கள். உட்கார், கையைக் கொடு, குதி, ஓடு. அந்தக் கதவு எதற்கு இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பில் மாட்டு. முப்பத்திரண்டு இன்ச் போதும். உன் அப்பா நாற்காலியை நான்கடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டால் எறும்பு எழுத்தாகிவிடும்.

நோரீன்


பாட்டர் ஓடை
ஜூலை 12

நோரீன்,

மலை மேலிருந்து பத்துக் கட்டளை வந்து சேர்ந்தது. கொண்டுவந்த டஸ்டிக்குத் தீர்க்கதரிசியின் தாடிதான் இல்லை. எண்ணிப் பார்த்தேன், ‘வேண்டாம்’ மட்டும் ஐந்து இடத்தில் இருக்கிறது.

அந்த வீட்டை நான் என் கையால் கட்டினேன். அதில் பதினாறு வருஷம் இருந்தோம். ‘சக்கரத்து மேல வாழலாம் ராய்ஸ்’ என்று நீ சொன்னபோது நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினேனா? விற்றுக் கையெழுத்துப் போட்டேன். இந்த முப்பத்தைந்து அடிக்குள் ஒரு சுவரை, ஒரே ஒரு சுவரை, நான் முடிவு செய்யக் கூடாதா? நான் தச்சன். எது எங்கே நிற்கும், எது விழும் என்று எனக்குத் தெரியும்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முடியாது. அங்கே வேறு வேலை நடக்கிறது. என்ன என்று கேட்காதே.

இது இனி ஸ்கூல் பஸ் இல்லை. வீடு. முன்கதவு இருக்கிறது, பதினான்கு ஜன்னல் இருக்கிறது. இத்தனை வருஷம் வாழ்ந்த வீட்டுப் படுக்கையறையில் குதித்து ஓடக் கதவு வைத்திருந்தோமா என்ன?

உனக்காக ஏழு இன்ச் இறங்கி வந்திருக்கிறேன். ஐம்பது இல்லை, நாற்பத்து மூன்று. இதற்கே அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நிம்மதியாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். நாளைக்கு மாட்டப் போகிறேன்.

ராய்ஸ்


நீடில் முனை
ஜூலை 13

ராய்ஸ்,

ஐந்து இல்லை, மூன்று ‘வேண்டாம்’. நான் நகல் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லப் போகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஜனவரியில் என் பஸ் பனியில் வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் சரிந்தது உனக்குத் தெரியும். யாருக்கும் அடியில்லை, அவ்வளவுதான் சொன்னேன். பஸ் வலப்பக்கமாகப் படுத்திருந்தது. முன்கதவு வலப்பக்கம்தானே இருக்கிறது? அது மண்ணோடு அமுங்கிக் கிடந்தது. டீசல் வாசனை வந்தது. சின்னப் பிள்ளைகளைத் தாண்டித் தவழ்ந்து போய்ப் பின்கதவின் கைப்பிடியைத் தூக்கி உதைத்தேன். திறக்கவில்லை. மறுபடி உதைத்தேன். திறக்கவில்லை. மூன்றாவது உதையில் திறந்தது.

இரண்டாவது உதைக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் என் மனசுக்குள் வந்ததைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. அதை எழுதவும் மாட்டேன்.

பயிற்சியில் செய்த மாதிரியே பெரிய பிள்ளைகள் கீழே நின்று கை கொடுத்தார்கள், சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து குதித்தார்கள். பனியில் வரிசையாக நிற்க வைத்து எண்ணினேன். முப்பத்தொன்று. மறுபடியும் எண்ணினேன். இன்றைக்கும் எங்கேயாவது பிள்ளைகள் கூட்டமாக நின்றால் என் வாய் தானாக எண்ணுகிறது. அதனால்தான் வேலையை விட்டேன். முதுகு வலி என்று சொன்னது பொய்.

சுவர் உன்னுடையது, எடுத்துக்கொள். நாற்பத்து மூன்று என்ன, அறுபது இன்ச் கூட மாட்டிக்கொள். கதவை மட்டும் விட்டுவிடு.

நோரீன்


பாட்டர் ஓடை
ஜூலை 19

நோரீன்,

உன் கடிதத்தைப் பட்டறைப் படியில் நின்று படிக்க ஆரம்பித்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருஷம் என் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறாயே. பாவம் என்று நினைப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும்தான் வருகிறது.

ஆனால் கடிதம் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை. டிவி வியாழனே ஏறிவிட்டது. கழற்றலாமா என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். நீ பார்த்திருந்தால் நீயும் கழற்றச் சொல்ல மாட்டாய். பஸ்ஸின் இரும்பு விலாவில் துளை போட்டுப் பத்து போல்ட். பலகைக்குப் பின்னால் பசை. பிளைவுட்டின் மேல் டிவியை மாட்டும் இரும்புச் சட்டம், அதற்குத் தனியாக ஆறு போல்ட். நீ சொன்ன அந்தக் குதிக்கிற சீட்டையும் நினைத்து ஓரமெல்லாம் ரப்பர் வைத்திருக்கிறேன். பெயர்க்க வேண்டுமென்றால் டைனமைட்தான் வைக்க வேண்டும். கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த கதவு இப்போது மூச்சுக் காட்டுவதில்லை. லைட் போட்டுப் பார்க்கச் சாவியைத் திருப்பும்போதெல்லாம் ஒரு பஸ்ஸர் உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அதன் வயரையும் வெட்டிவிட்டேன். அப்பாடா என்று இருக்கிறது.

அப்பா முதல் மேட்ச் பார்த்தார். சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா? நீ வந்து பார், கோபம் போய்விடும்.

ராய்ஸ்


நீடில் முனை
ஜூலை 20

ராய்ஸ்,

பஸ்ஸர் வயரை வெட்டினேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை ஐந்து தடவை படித்தேன்.

அது சும்மா கத்தாது. பின்கதவுக்கு உள்பக்கம், கைப்பிடிக்கு மேலே ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். வண்டியை ஷெட்டில் விடும்போது திருடன் வராமல் இருக்கப் போடுவது. சாவி திரும்பியிருக்கும்போது அந்தக் கதவைத் திறந்தால் கத்தும், இல்லையென்றால் இந்தத் தாழ்ப்பாள் போட்டிருந்தால் கத்தும். கதவு ஆடக் கூடாது என்று நீ அந்தத் தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறாய். போட்டுவிட்டு அதன் மேல் பலகை அடித்து, பலகை மேல் டிவியை மாட்டியிருக்கிறாய்.

கேள். அந்தத் தாழ்ப்பாள் போட்டிருந்தால் ஸ்கூல் பஸ் ஸ்டார்ட் ஆகாது. பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு எந்த டிரைவரும் கிளம்பிவிடக் கூடாது என்று அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள். தினமும் காலையில் என் முதல் வேலை பின்னால் போய் அதைத் திறப்பது. அப்புறம்தான் சாவி. நீ ஜூன் மாதத்திலிருந்து அந்த எஞ்சினை ஒரு தடவைகூட எழுப்பவில்லை, எனக்குத் தெரியும். அது செத்துக் கிடப்பது உனக்குத் தெரியாது. தெரிவிக்க இருந்த பஸ்ஸரையும் வெட்டிவிட்டாய்.

இந்த மாதம் ஒரு சொட்டு மழை இல்லை. பாட்டர் ஓடைக்கு ஒரே ரோடு, ஒரே பாலம். பிக்கப் இல்லை. உன் அப்பாவுக்கு இடுப்பு வளையாது, அவரால் ஒரு மைல் நடக்க முடியாது. நீங்கள் இரண்டு பேரும் இருப்பது சக்கரம் வைத்த வீடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். என்னை அப்புறம் திட்டு. இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்தச் சாவியைத் திருகிப் பார்.

நோரீன்


நீடில் முனை
ஜூலை 27

ராய்ஸ்,

டஸ்டி வெறுங்கையோடு வந்தார். “லெட்டரை அவர் கையிலதாம்மா குடுத்தேன். ‘திட்டித்தானே எழுதியிருக்கா’ன்னு கேட்டாரு. ‘பேப்பர் கிழியிற மாதிரி அழுத்தி எழுதுச்சு, அது மட்டும் பார்த்தேன்’னு சொன்னேன். மடிச்சு உள்ள வெச்சுட்டாரு” என்கிறார். பிரித்தாரா என்றால் தெரியாது என்கிறார்.

பிரித்தாயா?

டஸ்டியிடம் வாயாலும் சொல்லி அனுப்புகிறேன், சாவியைத் திருகிப் பார்க்கச் சொல்லி. இங்கே தினமும் மத்தியானம் மேகம் கூடி, மழை இல்லாமல் மின்னல் மட்டும் விழுகிறது. உன் முற்றம் மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. எனக்குத் தெரிவது பாலம் மட்டும்தான், தொலைநோக்கியில், பதினோரு மைல் தள்ளி. வீட்டை மறந்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றால் தினமும் அந்தப் பாலத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு நீ முக்கியம், சண்டை முக்கியமில்லை. பதில் எழுது.

நோரீன்


நீடில் முனை
ஆகஸ்ட் 1, செவ்வாய்

ராய்ஸ்,

மலைப் பாதையை மூடிவிட்டார்கள். டஸ்டி வரமாட்டார், இது எப்போது உன் கைக்கு வரும் என்று தெரியாது. சும்மா நிற்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மதியம் 1.50. நேற்று விழுந்த மின்னல் எங்கோ கனன்றுகொண்டிருந்திருக்கிறது, காற்று எழுந்ததும் புகை எழுந்தது. வயர்லெஸ்ஸில் திசை, தூரம், இடம் சொன்னேன். பாட்டர் ஓடை என்று சொல்லும்போது என் குரல் மாறவில்லை. கட்டுப்பாட்டு அறைப் பெண் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். அது என் வீட்டு விலாசம் என்று அவளுக்குத் தெரியாது.

2.40. எல்லாரும் வெளியேற உத்தரவு. பாலத்தில் முதல் வண்டி, சிவப்பு பிக்கப். இரண்டாவது, குதிரைகள் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு.

3.05. ஒன்பது வண்டி. நம் பஸ்ஸுக்குக் கூரை வெள்ளை. வெயிலில் எங்கிருந்தாலும் பளிச்சென்று தெரியும். தெரியவில்லை.

3.20. இறங்கி ஓடிவிடலாமா என்று படி வரைக்கும் போனேன். பிக்கப் நிற்கும் இடத்துக்கே ஒன்பது மைல் நடை. நான் இறங்கிவிட்டால், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தீயணைக்கப் போனவர்களுக்குச் சொல்ல வேறு கண் கிடையாது. நாற்பது பேர் அங்கே நிற்கிறார்கள். திரும்பி வந்தேன்.

3.35. பதினாறு வண்டி. வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டேன். “பாட்டர் ஓடை, லோவெல் பட்டறை முற்றத்துல ஒரு பழைய ஸ்கூல் பஸ். உள்ள ரெண்டு பேர். ஒருத்தருக்குக் காது கேக்காது. வண்டி ஸ்டார்ட் ஆகாது.” அந்தப் பெண், “தெரிஞ்சவங்களா?” என்றாள். “என் வீட்டுக்காரர்” என்றேன். பக்கத்தில் யாரையோ கேட்டாள். அப்புறம், “மேல ரோட்டைத் தீ தாண்டிடுச்சு நோரீன், இப்ப யாரையும் உள்ள அனுப்ப முடியாது” என்றாள்.

4.05. பதினெட்டு வண்டி. புகை பாலத்தை மூடிவிட்டது. வெள்ளைக் கூரை வரவில்லை. இனி எண்ணுவதற்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை.


கவுண்டி கண்காட்சித் திடல்
ஆகஸ்ட் 3

நோரீன்,

உயிரோடு இருக்கிறோம். இரண்டு பேரும். வயர்லெஸ்ஸில் உனக்குச் சொல்லச் சொல்லி இங்கே வனத்துறைப் பச்சைச் சட்டை போட்ட ஒருத்தரைக் காலில் விழாத குறையாகக் கேட்டேன். சொன்னாரா? மாட்டுக் கொட்டகைக்கும் ஆட்டுக் கொட்டகைக்கும் நடுவில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறேன். சுற்றிலும் குதிரைகள், நாய்கள், யாரோ கொடுத்த சாண்ட்விச்.

உன் இரண்டு கடிதத்தையும் நான் பிரிக்கவில்லை. கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. டஸ்டி வாயால் சொன்னதற்கும், ‘அவளுக்கு வேற வேலை இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். திட்டியிருப்பாய் என்று பயந்தேன். அதைவிட, நீ சொல்வது சரியாக இருந்துவிடுமோ என்று பயந்தேன். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பில் செருகி வைத்துவிட்டு, அப்பா டிவி பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி வாக்கில் ஷெரீப் ஆபீஸ் ஆள் ஒருத்தர் வண்டியில் வந்தார். “கிளம்புங்க, கிளம்புங்க, மேல் வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு இப்படியேதான் திரும்புவேன், அப்பவும் வண்டி நகரலைன்னா என்னோட ஏறிடணும்” என்று கத்திவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவே இல்லை. மேலே ரோடு அடைபட்டு வேறு வழியாக இறங்கிவிட்டாராம், அது அப்புறம்தான் தெரிந்தது.

சாவியைத் திருகினேன். ஒன்றுமில்லை. ஒரு ‘டிக்’ கூட இல்லை. பேட்டரி என்று நினைத்தேன். கேபிளைக் கழற்றிச் சுரண்டி மாட்டினேன். ஃப்யூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். மேட்டின் மேல் வானம் செங்கல் நிறமாகிவிட்டது. எஞ்சின் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன் என்று சொன்னால் நீ நம்புவாயா? என்னால் அப்பாவைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று கணக்குப் போட்டேன். பாலம் வரைக்கும்கூட முடியாது.

அப்பா நொண்டி நொண்டி வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். புகைக்குள் சூரியன் கண்ணில் குத்துகிறது என்று வெயில் மறைப்பை இழுத்திருக்கிறார். இரண்டு கடிதமும் மடியில் விழுந்தன. உனக்குத்தான் தெரியுமே, எழுத்து என்று கண்ணில் பட்டால் படிக்காமல் விடமாட்டார், அதையும் ஊருக்கே கேட்கிற மாதிரி படிப்பார். எஞ்சினுக்குள் இருந்த எனக்கு அவர் குரல் கேட்டது. “தாழ்ப்பாள் போட்டிருந்தால் ஸ்கூல் பஸ் ஸ்டார்ட் ஆகாது!”

நான் நிமிர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கடிதத்தை ஆட்டிக்கொண்டு, “கதவுடா, முட்டாள்! பின்கதவு!” என்று கத்தினார்.

பத்து போல்ட், ஆறு போல்ட், பசை. ஸ்பேனர் எடுத்து முதல் போல்ட்டைத் திருக ஆரம்பித்தேன். அவசரத்தில் ஸ்பேனர் வழுக்கியது. அதற்குள் அப்பா பின்னால் வந்துவிட்டார், என் பெரிய சுத்தியலைத் தூக்கிக்கொண்டு. “நடுவுல அடிடா! இதுக்கும் அளவெடுக்கப் போறியா?” என்றார். நான் தயங்கினேன். அவருடைய டிவி. முதல் அடி அவர்தான் அடித்தார். திரை சில்லு சில்லாகப் போனது. அப்புறம் கடப்பாரையால் பிளைவுட்டைக் குத்தினேன், ஆறாவதோ ஏழாவதோ குத்தில் ஓட்டை விழுந்தது. நான் செய்ததிலேயே உறுதியான வேலை அதுதான் நோரீன், என் வாழ்க்கையில் எந்த வேலையையும் அப்படிச் சபித்ததில்லை. ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவினேன். விரல் நுனிக்குத் தாழ்ப்பாள் தட்டுப்பட்டது. இழுத்தேன். முழங்கை வரைக்கும் கிழித்துக்கொண்டது, பதினொரு தையல்.

அப்பா முன்னால் போய்ச் சாவியைத் திருகினார். எஞ்சின் கிளம்பியது அவருக்குக் கேட்கவில்லை. “சீட்டு நடுங்குதுடா! சீட்டு நடுங்குது!” என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த வண்டியை நான் ஓட்டியதே இல்லை. பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் எதுவும் தெரியவில்லை, கைப்பிடிச் சுவரில் உரசிக்கொண்டே போனேன். நாலு மணிக்கு மேலே இருக்கும். லோவெலின் பட்டறை முழுக்கப் போய்விட்டது. ரிமோட்டை மட்டும் அப்பா சட்டைப் பையில் வைத்திருக்கிறார். “இது ஒண்ணுதான் பொழைச்சுது” என்கிறார்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் என்ன என்று கேட்காதே என்றேனே. உனக்கு ஒரு மேஜை. நம் பழைய சமையலறை மேடைப் பலகையை நான் விற்கவில்லை, ஒளித்து வைத்திருந்தேன். கோபுரத்தில் இருக்கிற மாதிரி ஜன்னலை ஒட்டி, உன் உயரத்துக்கு. அதனால்தான் அங்கே டிவி முடியாது என்றேன். அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

நேற்று பலகை முழுவதையும் பெயர்த்தேன். கதவு திறக்கிறது. பஸ்ஸர் வயரையும் இணைத்துவிட்டேன். சரியாக இருக்கிறதா என்று சாவியைத் திருப்பி வைத்துக் கைப்பிடியைத் தூக்கினேன். கத்தியது பார், திடல் முழுக்கக் குதிரைகள் மிரண்டன. இடி விழுந்தாலும் திரும்பாத அப்பா தலையைத் திருப்பினார். அவருக்கு அது கேட்கிறது! “உன் பொண்டாட்டி கூப்பிடுறாடா, போய் என்னன்னு கேளு” என்றார்.

மன்னிப்புக் கேட்கிறேன். உன் மேஜைக்கு மேலே ஒரு முப்பத்திரண்டு இன்ச் மாட்டிக்கொள்ளட்டுமா? இந்தத் தடவை அளவெடுக்கவில்லை.

ராய்ஸ்


நீடில் முனை
ஆகஸ்ட் 10

ராய்ஸ்,

பாதை இன்று திறந்தது. டஸ்டி உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரைக்கும் கழுதைகளிடம் போய் நின்றுகொண்டார்.

உன் பச்சைச் சட்டைக்காரர் சொல்லிவிட்டார். ஆனால் எனக்குத் தெரிந்தது மறுநாள் காலை ஆறே காலுக்கு. கட்டுப்பாட்டு அறைப் பெண் வானிலை அறிக்கை வாசிக்கிற குரலிலேயே வாசித்தாள்: “காற்று தென்மேற்கு, பத்து மைல் வேகம். ஈரப்பதம் பதினெட்டு. வெள்ளைக் கூரை பாலம் தாண்டிவிட்டது.” சொந்தச் செய்தி வயர்லெஸ்ஸில் சொல்லக் கூடாது. நான் வழக்கம் போல, “கேட்டேன், நன்றி” என்று சொல்லிவிட்டு மைக்கை வைத்தேன். அதற்கப்புறம் தரையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அந்தப் பதினான்கு மணி நேரத்துக்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன், அவசரப்படுத்தாதே.

நானும் ஒன்று செய்திருக்கிறேன். முதல் கடிதத்திலேயே தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது உனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். பின்சீட்டையும் பேட்டரியையும் பற்றிப் பேசி ஜெயிக்கத்தான் பார்த்தேன்.

முப்பத்திரண்டு இன்ச் சரி. என் மேஜைக்கு மேலே, மடக்கிச் சுவரோடு ஒட்டுகிற கை வைத்து மாட்டு. நான் வரும் வரைக்கும் அந்த மேஜையை உன் அப்பா வைத்துக்கொள்ளட்டும், கிட்டே உட்கார்ந்து படிக்கட்டும். என் கடிதத்தைப் பிரித்ததற்கு அவருக்கு என் முத்தம் சொல்லு. இனிமேல் என் கடிதங்களை அவர்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி இறங்குகிறேன். வந்ததும் முதலில் சாப்பாடு கிடையாது, கட்டிக்கொள்வதும் கிடையாது. பின்கதவைத் திற, கத்துகிற மட்டும் கத்தட்டும். உன் அப்பா வாசலில் உட்காரட்டும். இடுப்பு வலிக்கிறது என்பார், கேட்காதே. நான் கீழே நின்று கை கொடுக்கிறேன். முதலில் அவர், அப்புறம் நீ. இரண்டு பேரையும் புல்லில் நிற்க வைத்து எண்ணுவேன்.

இரண்டு வரைக்கும்தான். ஆனாலும் எண்ணுவேன்.

நோரீன்